வன்னியும் சீமைக்கருவேலும்

திருச்சிராப்பள்ளி கே.கே. நகர்க் காலிமனைகளிற் செழித்து நிற்கும் சீமைக்கருவேல், நம் நாட்டு வன்னியோடு கலந்துவிடுமோவென மாணாக்கர் நம்மை வினவுவதுண்டு. நாமும் ஒருகால் அவ்வாறே ஐயுற்றோம். இரண்டும் ஒரே பேரினமென்றன்றோ நெடுங்காலம் கொள்ளப்பட்டன! முள்ளை நோக்கின் வேற்றுமை புலனாகும். வன்னியின் முள் சிறுத்துக் கணுக்களினிடையே சிதறி நிற்கும். மற்றதனது கணுவிலேயே நீண்டெழும். 2022இல் தாவர நூலார் சீமைக்கருவேலை நெல்டுமா எனப் பிரித்து, வன்னியைப் பழைய புரோசோபிசிலேயே நிறுத்தினர். ஆகவே அவ்வச்சம் பெரிதன்று.

மெய்யான கலப்பைக் கனடாவின் தென் ஒண்டாரியோவிற் காணலாம். பட்டுப்புழுவிற்கெனச் சீனத்தினின்று வட அமெரிக்கா சேர்ந்த வெண்முசுக்கட்டையின் மகரந்தம், காற்றிலே பரந்து, அந்நாட்டுச் செம்முசுக்கட்டையின் பூக்களிற் படிகின்றது. விதை பலவும் கலப்பு நாற்றுக்களாகவே முளைக்கின்றன. தாய்மரம் வெட்டுண்ணாமலே அதன் குலம் அருகி வருகின்றது.