மலைத்தோட்டக் குளத்தில் கோய் மீன் இனப்பெருக்கமும் குஞ்சுப் பராமரிப்பும்

வீட்டுக் கொல்லையிலும் தோட்டத்திலும் சிறு குளம் வெட்டி வளர்த்தற்குரிய மீன்களுள் கோய் என்னும் வர்ணக் கெண்டையும் ஒன்று. இது தனி ஜாதியன்று. உணவுக்காகப் பல தேசங்களில் வளர்க்கப்படும் சாதாக் கெண்டையின் வர்ண பேதமேயாம். ஜப்பான் தேசத்தில் நீகாத்தா மாகாணத்து மலைக்கிராமக் குடியானவர்கள், படிக்கட்டு வயல்களுக்கு ஜலம் தேக்கிய குளங்களில் உணவுக்காகக் கெண்டை வளர்த்து வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவற்றுள் இயற்கையாய்த் தோன்றிய சிவப்பும் வெள்ளையுமான குஞ்சுகளைப் பொறுக்கிப் பேணி இவ்வினத்தை உண்டாக்கினர். 1914-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சிக்குப் பின்னரே இதன் புகழ் அத்தேசமெங்கும் பரவிற்று. ஆகவே இது மலைநாட்டு நெல் விவசாயியின் கையில் பிறந்த மீன் எனலாம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ளது. ஊற்றுநீரும், பள்ளத்தாக்குகளில் படிப்படியாய் அமைந்த நெல்வயல்களும், மிதமான குளிர்ச்சியும் உடைய இம்மலை கெண்டையினத்திற்கு ஏற்றதே. எனினும் இங்கு இம்மீனை வளர்க்க முற்படுவோர் இரண்டு விஷயங்களைத் தெளிய அறிதல் வேண்டும். முட்டை பெறுவது எளிது, குஞ்சைக் காப்பதே அரிது என்பது ஒன்று. காத்த குஞ்சு ஓடையிற் சேராமல் தடுப்பது வளர்ப்போரின் கடமை என்பது மற்றொன்று.

நாற்றங்கால் குளம்

நாற்றங்காலைப் பண்படுத்தாமல் விதை தெளிப்பார் எவருமிலர். மீனுக்கும் இதுவே விதி. ஒரு சென்ட் பரப்பும், மூன்றடி ஆழமும் உள்ள குளம் ஒரு குடும்பத்திற்குப் போதும். முதலில் குளத்தை வற்றவைத்துச் சில நாள் வெயிலில் காயவிட வேண்டும். மழை மிகுந்த மலைச் செம்மண்ணில் சுண்ணாம்புச் சத்து குன்றியிருப்பது வழக்கமாதலால், சென்டுக்கு ஒரு கிலோ வீதம் சுண்ணாம்பு தூவுதல் நலம். பின்னர் 20 முதல் 40 கிலோ வரை பசுஞ்சாணம் இட்டு, வரும் ஜலத்தை நெருக்கமான துணியில் வடிகட்டிக் குளத்தை நிரப்ப வேண்டும். வடிகட்டாவிடில் ஓடை மீன்களும் தவளை முட்டைகளும் உடன் புகும்.

பத்துப் பதினைந்து நாளில் ஜலம் இளம் பழுப்பு அல்லது பச்சை நிறம் கொண்டு, அதில் கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் நுண்ணுயிர்கள் பெருகும். 50 லிட்டர் ஜலத்தை மெல்லிய துணியில் வடித்தால் 1 முதல் 2 மில்லி லிட்டர் வரை நுண்ணுயிர்கள் தேறுமாயின் குளம் தயாராயிற்று என்று கொள்ளலாம். இதற்கு முன் குஞ்சுகளை விட்டால் அவை பட்டினியால் மடியும். மிகவும் தாமதித்தால் தும்பியின் புழுக்களும், மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சிகளும் பெருகி அவற்றைத் தின்றுவிடும். இப்பூச்சிகளை ஒழிக்க, சென்டுக்குச் சுமார் 225 கிராம் தாவர எண்ணெயும் 75 கிராம் சோப்பும் சுடுநீரிற் கரைத்து, குஞ்சு விடுவதற்கு முந்திய நாள் காற்றில்லாத வேளையில் ஜலத்தின்மேல் பரவவிட வேண்டும். மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிடும் பூச்சிகள் அதனால் மூச்சடைத்து மாயும். தும்பிப்புழு ஜலத்துக்குள்ளேயே சுவாசிப்பதாகையால் இம்முறைக்கு அகப்படாது. அதனைக் கைவலையால் அரித்தெடுக்க வேண்டும்.

தாய்மீன்

பெண்மீன் மூன்று வயதும் ஆண்மீன் இரண்டு வயதும் கடந்தவையாய், ஊனமின்றி, வர்ணம் தெளிந்தவையாய் இருத்தல் நலம். பருவத்தில் ஆணின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பிலும் தடவினால் சொரசொரப்பான வெண்புள்ளிகள் தோன்றும். பெண்ணின் வயிறு பருத்து மிருதுவாயிருக்கும். இரண்டையும் முன்னதாகவே வெவ்வேறு குளங்களிற் பிரித்து வைக்காவிடில், நாற்றங்கால் தயாராகுமுன் அவை முட்டையிட்டுவிடும்.

வெளியிலிருந்து வாங்கிய மீனை மூன்று வாரத்திற்குக் குறையாமல் தனித்தொட்டியில் வைத்து நோயற்றது என்று கண்ட பின்னரே பிறவற்றுடன் சேர்க்க வேண்டும். 1998-ஆம் ஆண்டில் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய் மீன்களைக் கூட்டமாய் மாய்த்த ஹெர்பிஸ் நச்சுயிரி நோய், பின்னர்ப் பல தேசங்களுக்குப் பரவியது விலைக்கு மாறிய மீன்கள் வழியாகவே.

முட்டையிடுதல்

குளிர் கழிந்து ஜலத்தின் உஷ்ணம் 20 பாகை செல்சியஸ் அளவை எட்டும் காலமே தக்கது. இதனை உஷ்ணமானி கொண்டு அறிதல் வேண்டும். மாலையில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் வீதம் சிமெண்டுத் தொட்டியில் விட்டு, நன்கு கழுவிய பாசிக்கொடிகளையோ பிரித்த தேங்காய் நார்க்கற்றைகளையோ மிதக்கவிட வேண்டும். பெரும்பாலும் விடியற்காலையில் ஆண்கள் பெண்ணைத் துரத்த, முட்டைகள் நாரில் ஒட்டிக்கொள்ளும். பெண்ணின் எடையில் கிலோவுக்கு ஒரு லட்சம் முட்டை கிடைப்பது அரிதன்று.

முட்டையிட்டு முடிந்தவுடன் தாய்மீன்களை அகற்றிவிட வேண்டும். கெண்டை தன் முட்டையைத் தானே தின்னும். உயிருள்ள முட்டை கண்ணாடிபோல் தெளிந்து இளமஞ்சளாயும், கெட்டது வெளுத்தும் தோன்றும். வெளுத்தவற்றில் பஞ்சு போன்ற பூஞ்சணம் பற்றி நல்ல முட்டைகளையும் கெடுக்குமாதலின் அவற்றை நீக்கி, தொட்டியில் புதுநீர் மெதுவாய் ஓடும்படி செய்ய வேண்டும். 20 பாகையில் மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சுப் பராமரிப்பு

பொரித்த குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் நாரிலேயே தொங்கி, தம் வயிற்றிலுள்ள கருவுணவால் உயிர் வாழும். அப்பொழுது இரை இடுதல் வீண்; ஜலமும் கெடும். அவை நேரே நீந்தத் தொடங்கிய அன்றே இரை வேண்டும். அப்பொழுது வாய் மிகச் சிறியதாதலால், ரோட்டிபர் போன்ற நுண்ணுயிர்களே ஏற்ற உணவு. முன்கூட்டிப் பண்படுத்திய நாற்றங்காலின் பயன் இங்கே விளங்கும். ஒரு சென்டுக்குப் பத்தாயிரத்திற்கு மேற்படாமல் குஞ்சு விடலாம். இரை குறையுமாயின், அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியிற் பிசைந்து வடித்துச் சிறிது சிறிதாய்த் தெளிக்கலாம். ஒரு வாரத்திற்குப் பின் கடலைப் பிண்ணாக்குத் தூளும் தவிடும் சம அளவு கலந்து, கால் மணி நேரத்தில் தின்று தீரும் அளவே இட வேண்டும். விடியலில் குஞ்சுகள் மேற்பரப்பில் வாய் திறந்து மிதக்குமாயின் ஜலத்திற் பிராணவாயு குறைந்தது என்றறிந்து, இரையை நிறுத்திப் புதுநீரை உயரத்திலிருந்து விழச் செய்ய வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வாரத்தில் முதற் பொறுக்கு நடத்த வேண்டும். வாய் கோணியவை, முதுகு வளைந்தவை, பிறவற்றைத் தின்னுமளவு பெருத்தவை ஆகியவற்றை நீக்குக. வர்ணம் நோக்கிப் பொறுக்குதல் பின்னர். உயர்ந்த பெற்றோரின் குஞ்சுகளிலும் பெரும்பாலானவை வர்ணம் மங்கியே இருக்கும். ஆதலின் எண்ணிக்கையில் ஆசை வைத்தல் தகாது. சதுர மீட்டருக்கு 20 குஞ்சு என்னும் அளவுக்குக் குறைத்தால் எஞ்சியவை விரைந்து வளரும்.

ஓடையைக் காத்தல்

கழித்த குஞ்சுகளை ஓடையில் விடுவது புண்ணியம் என்று கருதுவோர் உளர். அது தவறு. கெண்டை இரை தேடிச் சேற்றைக் கிளறி, நீர்ச்செடிகளை வேருடன் பெயர்த்து, தெளிந்த நீரைக் கலக்கும். வெளியே சென்ற கோய் சில தலைமுறையில் வர்ணமிழந்து சாதாக் கெண்டையாகவே பெருகும். காஷ்மீரத்து ஏரிகளில் சாதாக் கெண்டை விடப்பட்ட பின் சுதேச மீன்கள் குன்றியது யாவரும் அறிந்ததே. கொல்லிமலை அய்யாறு, பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் ஆலயத்தை அடுத்து ஓடி, ஆகாய கங்கை அருவியாய் வீழ்ந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகின்றது. ஆலயத்தருகில் உள்ள ஆற்று மீன்களை அடியார்கள் பிடியாமல் இரையிட்டுப் போற்றுகின்றனர். அம்மீன்களின் நீரில் அன்னிய இனம் புகுமாயின் அதனைத் திரும்ப எடுப்பார் எவருமிலர்.

ஆகையால் குளத்தை ஓடையின் வெள்ள மட்டத்திற்கு மேலே அமைத்து, கரையை உயர்த்தி, வடிகாலில் நெருக்கமான கம்பிவலை பதித்து, கழிநீரை ஓடைக்கு விடாமல் வயலுக்கோ தென்னம்பாத்திக்கோ பாய்ச்ச வேண்டும். மிகுந்த குஞ்சுகளை வளர்ப்போர்க்கு விற்கலாம். வளர்ந்தபின் உணவாகவும் கொள்ளலாம். புதிதாய்க் குளம் வெட்டுவோரின் வடிகால் எங்கே செல்கின்றது என்பதைக் கிராம அலுவலர்கள் மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை நேரிற் பார்த்தல் நலம்.

குளத்தை முன்னே பண்படுத்துதல், தாயைப் பிரித்தல், சிலவற்றையே வளர்த்தல், வடிகாலை அடைத்தல் ஆகிய நான்கையும் கைக்கொள்வோர்க்கு இம்மீன் வளர்ப்பு ஆதாயம் தரும். மலைக்கும் கேடு விளையாது.