தகடூர்க் கரும்பும் கேழ்வரகும்: பயிர்களில் குரோமோசோம் பெருக்கம்

முன்னுரை

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் குறிக்கின்றார். கரும்பு இம்மண்ணுக்கு வந்த வரலாற்றை இலக்கியம் கூறுகின்றது. கரும்பு கரும்பான வரலாற்றை அதன் உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம்கள் கூறுகின்றன. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுத்தது. கண்ணுக்குத் தெரியும் அமைப்பைக் கொண்டு செய்த பகுப்பு அது. நுண்ணோக்கி வந்தபின் உயிரணுவினுள் எண்ணிப் பார்த்துத் தாவரங்களின் உறவை அறியும் முறை வளர்ந்தது. அம்முறை நம் மாவட்டப் பயிர்களைப் பற்றி என்ன சொல்கின்றது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணிக்கை என்னும் அடையாளம்

மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்பவை குரோமோசோம்கள். ஒவ்வோர் உயிரினத்துக்கும் இவற்றின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. மனிதனுக்கு 46 என்பது 1956இல் உறுதியாயிற்று. நெல்லுக்கு 24. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக இவை வருகின்றன. ஆகவே நெல்லின் 24 குரோமோசோம்கள் 12 இணைகளாக அமைகின்றன. இவ்வாறு இரு தொகுதி உடையதை இருமடியம் என்பர். மூன்று தொகுதி இருப்பின் மும்மடியம். நான்கு இருப்பின் நான்மடியம். இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளை உடைய நிலை பன்மடியம் எனப்படும்.

முழுத் தொகுதியாக அன்றி, ஒன்றிரண்டு குரோமோசோம்கள் மட்டும் கூடுவதும் குறைவதும் உண்டு. மனிதனிடத்தில் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுவதால் டவுன் நோய்க்குறி தோன்றுகின்றது என்பது 1959இல் வெளியாயிற்று. தாவரங்களோ இம்மாறுதலைப் பெரிதும் தாங்கிக்கொள்கின்றன. ஊமத்தைப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியில் 12 இணைகள் உள்ளன. எந்த இணையில் ஒன்று மிகுகின்றதோ அதற்கேற்பக் காயின் வடிவம் மாறுவதை அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ கண்டறிந்தார்.

பெருக்கத்துக்கு எல்லை எதுவோ என்று வியக்கும்படியான சான்றும் நம் நாட்டிலேயே உண்டு. ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்னும் சிறு பெரணிச்செடியின் குரோமோசோம்கள் 1260 என ஆபிரகாம், நைனான் என்னும் திருவனந்தபுரத்து அறிஞர்கள் 1954இல் அறிவித்தனர். ஆயினும் அது நிலத்தை ஒட்டி வளரும் ஓர் எளிய செடியே. எண்ணிக்கைப் பெருக்கமே உயர்வு ஆகிவிடாது என்பதை இதனால் அறியலாம்.

கேழ்வரகின் இரு பெற்றோர்

களியாகவும் கூழாகவும் தருமபுரி மக்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் தானியம் கேழ்வரகு. அதன் குரோமோசோம்கள் 36. நம் பாதையோரங்களிலும் வயல்களிலும் களையாக முளைக்கும் எலுசின் இண்டிகா என்னும் புல்லுக்கு 18. கேழ்வரகில் உள்ள இரு வேறு தொகுதிகளுள் ஒன்று இப்புல்லின் வழி வந்தது என்பது அறிஞர் முடிபு.

இது நிகழ்ந்த முறையை எளிய கணக்கால் விளக்கலாம். 18 உடைய ஒரு புல்லின் இனச்செல்லில் 9 இருக்கும். வேறோர் இனத்துப் புல்லிலிருந்து வரும் 9 அதனோடு சேர்ந்தால் கலப்புச்செடியில் 18 அமையும். ஆனால் இந்த 18இல் எதற்கும் தக்க இணை இல்லை. இனச்செல் உருவாகும் வேளையில் குரோமோசோம்கள் இணை சேர்ந்து பிரிய வேண்டும். இணையின்றி அவை தாறுமாறாகச் சிதறுவதால் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். எப்போதேனும் அந்த 18 இரட்டித்து 36 ஆகுமாயின் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணை கிடைத்துவிடும், விதை பிடிக்கும், புதியதோர் இனம் பிறக்கும். இரு வேறு இனங்கள் கூடிப் பிறக்கும் இதனை அயல்பன்மடியம் என்பர். நிலக்கடலை 40 குரோமோசோம்களோடு தோன்றியதும் இவ்வழியே.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் இவ்வாறு பிறந்த காட்டினத்தை அங்குள்ள உழவர்கள் பயிராக்கினர். பின்னர் அது கடல் கடந்து இந்தியா வந்தது. இன்றும் ஆப்பிரிக்கக் கேழ்வரகும் இந்தியக் கேழ்வரகும் 36 குரோமோசோம்களையே உடையன; ஆதலால் தடையின்றிக் கலக்கின்றன. அண்டை மாநிலமான கருநாடகத்தில் லட்சுமணையா இவ்விரண்டையும் கலந்து இண்டாஃப் வகைகளை உருவாக்கியது இந்த உறவின் பயனே.

ஒரு பெற்றோரை அறிந்தோம். மற்றொரு பெற்றோர் யார்? இதுவரை ஆராயப்பட்ட எந்தப் புல்லும் அத்தொகுதியோடு முற்றும் பொருந்தவில்லை. அது அழிந்தே போயிருக்கலாம் எனவும் அறிஞர் கருதுகின்றனர். நாம் நாள்தோறும் உண்ணும் உணவின் மூலத்தில் பாதி நம் கைக்கு எட்டவில்லை என்பது எண்ணத்தக்கது.

கோவையில் பிறந்த கரும்பு

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடும் கோபாலபுரமும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளால் அறியப்பட்டவை. அவ்வாலைகளுக்குச் செல்லும் கரும்பின் வரலாறு கோயம்புத்தூரோடு பிணைந்தது. அங்கே 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. பார்பர் என்னும் அறிஞரும், அவரைத் தொடர்ந்து டி. எஸ். வெங்கட்ராமனும் அதனை வளர்த்தனர்.

அந்நாளில் இருந்த தடித்த இனிப்புக் கரும்பு, வட இந்தியக் குளிரையும் நோய்களையும் தாங்கவில்லை. ஆற்றங்கரையில் வளரும் நாணலோ இனிப்பற்றது. எனினும் வன்மை மிக்கது. இவ்விரண்டையும் கலந்து பெற்ற கோ 205 என்னும் கரும்பு 1918இல் பஞ்சாபு உழவர்களுக்காக வெளியிடப்பட்டது.

இனிப்புக் கரும்பின் குரோமோசோம்கள் 80. கோவைப் பகுதி நாணலுக்கு 64. வழக்கமான கணக்கின்படி 40உம் 32உம் கூடி 72 ஆதல் வேண்டும். ஆனால் இக்கலப்பில் தாய்க்கரும்பு பாதியை மட்டும் அளிப்பதில்லை. 80ஐயும் முழுமையாக அளித்துவிடுகின்றது. எனவே 112 அமைகின்றது. இக்காலக் கரும்பு வகைகளில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் காணப்படுகின்றன. இனிப்பின் பெரும்பங்கு உயர்கரும்பின் கொடை. நோய் தாங்குவதும் வெட்டியபின் மீண்டும் தழைப்பதும் பெரிதும் நாணலின் கொடை.

இக்குரோமோசோம் ஆய்வில் ஈடுபட்டவர்களுள் சிறப்பாக நினைக்கத்தக்கவர் ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் பணியாற்றிக் கரும்பை மக்காச்சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பெண்கல்வி அரிதாயிருந்த காலத்தில் இவர் எய்திய உயர்வு நம் மாணவியர்க்கு ஊக்கம் தருவதாகும்.

செங்காந்தள் தரும் மருந்து

இயற்கை அரிதாகச் செய்யும் இரட்டிப்பை மனிதன் வேண்டியபோது செய்ய முடியுமா? கால்ச்சிசின் என்னும் நஞ்சு அதற்கு வழி காட்டியது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் கால்ச்சிகம் செடிகளில் இது உள்ளது. யூனானி மருத்துவத்தில் மூட்டு வலிக்கு வழங்கும் சூரஞ்சான் அவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இந்நஞ்சு அடங்கியுள்ளது.

செல் பிரியும்போது இரட்டித்த குரோமோசோம்களை இருபுறமும் ஈர்த்துச் செல்லும் கதிர்கோல் இழைகளை இது உருவாக விடுவதில்லை. ஆகவே செல் இரண்டாகப் பிரியாமல், இரட்டித்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றது. 1937இல் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இம்முறையை உலகறியச் செய்தனர். இவ்வாறு பெற்ற செடிகளில் இலையும் பூவும் பருத்தல் உண்டு. விதைப்பிடிப்புக் குறைதலும் உண்டு. எனவே எண் பெருகினால் விளைச்சல் பெருகும் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

விதையில்லாக் கனி

நாம் உண்ணும் பூவன், இரசுதாளி, மொந்தன் ஆகியவை 33 குரோமோசோம்கள் கொண்ட மும்மடிய வாழைகள். மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய இயலாமையால் விதை உண்டாவதில்லை. உண்பதற்கு அது நன்மை. ஆனால் விதையில்லாப் பயிர் தன் கன்றாலேயே பெருகுவதால் தோப்பு முழுவதும் ஒரே மரபாக அமைகின்றது. ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் அத்தனை மரங்களையும் வீழ்த்தக்கூடும். அப்போது தாங்கும் திறனைத் தேடி விதையுள்ள காட்டு வாழைகளிடம்தான் செல்ல வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. கரும்புக்கு நாணலும், கேழ்வரகுக்குப் பாதையோரப் புல்லும், வாழைக்குக் காட்டு வாழையும் உறவு. களை என்று நாம் ஒதுக்குவது பயிரின் சுற்றம். ஏரிக்கரை அழிவதும் புல்வெளி அழிவதும் நாளைய பயிர்க்கு வேண்டிய பண்புகள் அழிவதேயாம். கேழ்வரகின் மற்றொரு பெற்றோருக்கு நேர்ந்திருக்கலாம் என அஞ்சும் கதி, எஞ்சிய உறவுகளுக்கும் நேரலாகாது.

2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. தானியத்துக்கு மதிப்பு மீள்வது நன்று. அதன் மரபுக்கும் மதிப்பு வேண்டும். நம் மாணவர்கள் தத்தம் ஊரில் முன்பு பயிரிட்ட கேழ்வரகு, சாமை வகைகளின் பெயர்களையும் இயல்புகளையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கலாம். வீட்டுக் குதிரில் எஞ்சிய பழைய விதையைப் பெரியோர்கள் அவர்கள் கையில் கொடுக்கலாம். பெயரைத் தொகுப்பது தமிழ்ப்பணி. விதையைக் காப்பது உழவர் பணி. இவ்விரண்டும் ஒருங்கே நடைபெறுமாயின், அதியர் கரும்பு கொணர்ந்த இம்மண், தன்னிடம் வந்த பயிர்களைக் காத்த மண் என்றும் பெயர் பெறும்.