அடிவாரம் முதல் முடிவரை

சேலம் நகரின் வடபால், முகில் தவழும் முடியுடன் நீண்டு கிடப்பது சேர்வராயன் மலை. நகர வீதியில் நிற்போர்க்கு அது தொலைவில் தோன்றும் நீலத்திரையாகவே காட்சி தரும். நாள்தோறும் கண்ணெதிரே நிற்பதனாலேயே அதனைக் கருதிப் பாராதவர் பலர். பேருந்தில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏற்காட்டைக் கண்டு அன்றே மீள்வோரும் மலையின் முகத்தைக் கண்டவரேயன்றி, அதன் அகத்தை அறிந்தவர் ஆகார். மலையை அறிதற்கு ஏற்ற வழி, நடந்து ஏறும் வழியே.

நகரின் எல்லை கழிந்ததும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்கும். சுண்ணாம்புக் கரடு என வழங்கும் சிறு குன்றுகளில் வெண்ணிறக் கல் வெளிப்பட்டு நிற்கும். பெயரில் சுண்ணாம்பு இருப்பினும் அது சுண்ணாம்புக் கல் அன்று. மாக்னசைட்டு என்னும் கனிமம். உருக்காலை உலைகளின் உட்சுவருக்குரிய, கடும் வெப்பம் தாங்கும் செங்கற்கள் அதனால் செய்யப்படுகின்றன. அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா உள்ளது. 1981ஆம் ஆண்டில் அமைந்த இப்பூங்காவில் புள்ளிமான், கடமான், மயில் முதலியவற்றை அண்மையில் நின்று காணலாம். காட்டில் இவை மனித அரவம் கேட்டவுடன் மறைந்துவிடும். ஆதலின், மலையேறும் முன் மாணாக்கர் ஓதும் அரிச்சுவடி இப்பூங்கா எனலாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நடந்து செல்வோர் இந்த ஏற்றத்தைக் காலால் மட்டுமன்றிக் கண்ணாலும் மெய்யாலும் உணர்வர். அடிவாரத்தில் முட்செடிகளும் உசிலும் வறண்ட பாறைகளும் காணப்படும். சிறிது உயர்ந்தால் வேனிலில் இலையுதிர்க்கும் மரங்களும் மூங்கிற் புதர்களும் தோன்றும். மேலும் உயர்ந்தால், பசுமை மாறாச் சோலைகள் பள்ளத்தாக்குகளில் தழைத்து நிற்கும். காற்றும் தண்மை பெறும். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்த காற்று விரிவடைந்து குளிர்கிறது. 1,000 மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியசு வெப்பம் குறையும். நூலில் கற்ற இவ்வுண்மையை, நெற்றி வியர்வையைத் துடைத்தவாறே ஏறுவோன் தன் உடலால் கற்கிறான்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பர். 1820 முதல் 1829 வரை சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். இன்று மரநிழலில் காப்பிச் செடிகளும், மரங்களைப் பற்றி ஏறிய மிளகுக் கொடிகளும் மலைச்சரிவை மூடி நிற்கின்றன. இங்கு இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறை 1963ஆம் ஆண்டில் அமைத்த ஆர்க்கிடு மலர்த் தோட்டம் உள்ளது. மேகாலய மலைகளுக்குரிய குடுவைச் செடியையும் அங்குக் காணலாம். அதன் இலைநுனி குடுவையாய் அமைந்து நீர் தாங்கி நிற்கும். அதனுள் வழுக்கி வீழும் பூச்சியைச் செரித்து, மண்ணில் கிடைக்காத சத்தை அச்செடி ஈடு செய்துகொள்ளும்.

ஏற்காட்டுக்கு அப்பால், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் சேர்வராயன் கோயில் உள்ளது. தாழ்ந்த குகை ஒன்றே கோயில். அதனுள் சேர்வராயனும் காவிரியம்மனும் வழிபடப்பெறுகின்றனர். சமவெளியில் ஓடும் காவிரிக்கு மலைமுடியில் கோயில் ஏன் என்று வினவத் தோன்றும். அவ்வினாவிற்கு விடை, மலையின் சரிவுகளிலேயே உள்ளது. திருமணிமுத்தாறு இம்மலையில் தோன்றிச் சேலம் நகரின் ஊடே சென்று, நாமக்கல் மாவட்ட வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. சரபங்கா நதியும் இங்கே பிறந்து ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியை அடைகிறது. மலைமேல் வீழும் மழையே பின்னர்க் காவிரி நீராகிறது.

காடு அடர்ந்த மலையில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. இலை அதனைத் தாங்கும், கிளை தாங்கும், பின்னர் உதிர்ந்த சருகு தாங்கும். வேர்கள் திறந்த வழியே நீர் மண்ணுள் இறங்கித் தங்கி, மழை ஓய்ந்த பின்னும் ஊற்றாய்க் கசியும். காடு அழிந்த மலையிலோ பெய்த நீர் ஒரே நாளில் வெள்ளமாய் ஓடி மண்ணையும் வாரிச் செல்லும். ஏரிகள் தூர்ந்து, கோடையில் கிணறுகள் வற்றும். மலையில் தெளிந்து பிறக்கும் திருமணிமுத்தாறு, நகரினுள் சாக்கடை நீரும் சாயக் கழிவும் கலந்து கறுத்து ஓடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் நடந்து கண்டவன் நெஞ்சம் வருந்தாதிராது.

நாமக்கல் சமவெளிக்கு இவ்வாறே காப்பாய் நிற்பது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது வளைவுகளைக் கடந்து செல்லும் சாலை அதன் மேட்டு நிலத்தை அடைகிறது. இது கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. அவன் வில்லாற்றலையும் கொடையையும் வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. அறப்பளீசுரர் கோயிலின் அருகே, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கிச் செல்வோர் ஐயாறு ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலிருந்து ஆகாயகங்கை அருவியாய் வீழ்வதைக் காண்பர். அங்கு இறங்குதல் எளிது. மீண்டும் ஏறுதலே அரிது. அவ்வேற்றத்தில் இளைப்பாற நிற்கும் ஒவ்வொரு படியும், சாமையும் தினையும் விளைவித்து மலைச்சரிவில் வாழும் மக்களின் உழைப்பை உணர்த்தும்.

மலைநடைக்கு ஆர்வம் மட்டும் போதாது. அறிவும் அடக்கமும் வேண்டும். 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் உலர்ந்த புல்லில் பற்றும் தீ, காற்றின் துணையால் மனிதன் ஓடுவதினும் விரைந்து மேட்டில் ஏறும். அத்துயர நிகழ்ச்சிக்குப் பின், மலையேற்றத்தை நெறிப்படுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024ஆம் ஆண்டில் வனத்துறை தமிழகமெங்கும் நாற்பது மலைப்பாதைகளை வழிகாட்டிகளுடன் மக்களுக்குத் திறந்தது. சேலத்து அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் செல்லும் பாதையும் அவற்றுள் ஒன்று. உரிய அனுமதி பெறுதல், வழிகாட்டியின் சொற்கேட்டல், தீ மூட்டாதிருத்தல், காட்டுமாடு முதலிய விலங்குகளை அணுகாதிருத்தல் ஆகியன நடப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாசுடிக்குப் பொருள்கள் பலவற்றை 2019ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு தடை செய்துள்ளது. ஆயினும், எறியும் கை தானே அடங்கினாலன்றி எச்சட்டமும் முழுப்பயன் தராது.

மாலையில் மலையினின்று இறங்குவோன், காலையில் தான் விட்டு வந்த நகரத்தை மீண்டும் காண்கிறான். வீதிகளும் வீடுகளும் முன்போலவே உள்ளன. ஆயினும், வீட்டுக் குழாயில் ஒழுகும் நீரைக் கண்டால், இனி அவன் அதனை மூடாது செல்லான். அந்நீர் எத்தனை வேர்களின் வழியே இறங்கி வந்தது என்பதை அவன் கால்கள் அறியும். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு மலை ஓர் அழகிய காட்சி. நடந்து அறிந்தோர்க்கோ அது வாழ்வளிக்கும் தாய். அத்தாயைப் பேணுதல் அவள் மடியில் வாழும் மக்கள் அனைவர்க்கும் கடனாகும்.