முன்பல் சந்துக்கு இப்போதே கம்பியா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த மேல் முன்பற்களுக்கு நடுவே சந்து இருக்கிறது. இப்போதே கம்பி போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை பல குழந்தைகளுக்கு இந்தச் சந்து தெரியும். ஈறுக்குள் இறங்கிவரும் கோரைப்பற்கள் முன்பற்களின் வேர்களை நெருக்குவதால், பற்கள் விசிறிபோல விரிகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வெளிவந்ததும் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பாட்டிமார் சொல்வதுபோல விரலால் அழுத்திவிடுவதில் பயனில்லை.

காத்திருக்கக் கூடாதவை வேறு. வாயை மூடும்போது மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் உட்கார்வது, கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நகர்வது, நிலைப்பல் முளைத்த பிறகும் விரல் சூப்புவது, தூங்கும்போது வாயால் மூச்சுவிடுவது. சொத்தையால் பால் கடைவாய்ப்பல்லைச் சீக்கிரமே பிடுங்கியிருந்தாலும் கவனம் தேவை. பக்கத்துப் பல் சாய்ந்து, பின்னால் வரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘பால்பல்தானே’ என்று விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் ஏழு வயதுக்குள் முதல் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. பரிசோதனை என்றால் உடனே கம்பி என்று பொருளல்ல. ஒருமுறை காட்டிவிடுங்கள்.