அட்மிஷன் படிவக் கையெழுத்து பள்ளியைக் காப்பாற்றுமா?

கேள்வி: என் மகன் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். மதிய இடைவேளையில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து முழங்கையில் அடி. ஆசிரியை தைலம் தேய்த்து வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். எங்களுக்கு போன் வரவில்லை. மாலையில் வீங்கிய கையோடு வேனிலிருந்து இறங்கினான். எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். தாளாளரோ, "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார். இருபதாயிரம் தருகிறோம், இனிப் பிரச்சினை செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கவனக்குறைவாக நடந்தாலும் கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது பொதுநலக் கொள்கைக்கு எதிரானது, ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவின்படி செல்லாது என்று உறுதியாக வாதிடலாம். இன்னொன்று, அடிபட்டவன் உங்கள் மகன். இழப்பீடு கேட்கும் உரிமையும் அவனுடையது. மைனர் சார்பில் நடக்கும் வழக்கில் பெற்றோர் சமாதானமாகப் போக வேண்டுமானாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். விழுந்ததற்காகவே பள்ளியைக் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளைகள் விளையாடினால் விழத்தான் செய்வார்கள். சறுக்கு மரம் உடைந்து கிடந்தது, மேற்பார்வைக்கு ஆளில்லை என்று காட்ட முடிந்தால் அது வேறு விஷயம். உங்கள் வழக்கின் உயிர், விழுந்ததற்கும் வேன் வந்ததற்கும் இடையிலான அந்த நேரத்தில் இருக்கிறது. முதலுதவி, பெற்றோருக்குத் தகவல், ஆஸ்பத்திரி: மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காக நடக்கவில்லை. தாமதத்தால் கைக்கு என்ன கேடு என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோர்ட்டில் நிற்காது.

பள்ளி நேரத்தில் பிள்ளை ஆசிரியரின் பொறுப்பில் இருக்கிறது, ஆசிரியரின் அலட்சியத்துக்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்பதில் சட்டம் தெளிவு. 1995-ல் டல்ஹவுசி பப்ளிக் பள்ளி அழைத்துச் சென்ற பிக்னிக்கில் 14 குழந்தைகள் பியாஸ் ஆற்றில் மூழ்கினார்கள். பெற்றோருக்குத் தலா 5 லட்சம் இழப்பீடு வழங்கிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது.

நுகர்வோர் நீதிமன்றம் இப்போது உங்களுக்கு நல்ல வழியல்ல. கல்வி நிறுவனங்களின் பணி, விளையாட்டு, சுற்றுலா உட்பட, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையத்தின் பெரிய அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் என் அபிப்பிராயத்தை நம்பி நீங்கள் இரண்டு வருஷத்தை இழக்கக் கூடாது. சிவில் நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போடுங்கள். செலவை எண்ணிப் பயப்பட வேண்டாம்: இலவச சட்ட உதவிக்குக் குழந்தைகளுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்.

போலீஸ் புகாரா? எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். ஆனால் முறித்தது ஆசிரியை அல்லவே. கிரிமினல் வழக்காக அது பலவீனமாகவே இருக்கும், பழியும் சம்பளக்காரரான ஆசிரியை தலையில்தான் விழும். நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். மாவட்டக் கல்வி அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். விசாரணை நடந்தால், பள்ளி என்ன விளக்கம் கொடுத்தது என்பது பதிவாகிவிடும், அது பின்னால் உதவும்.

பணம் தந்தால் வாங்கலாம். ரசீதில் 'மருத்துவச் செலவுக்காகப் பெற்றுக்கொண்டது' என்பதோடு நிறுத்துங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் தொடாதீர்கள்.

வழக்குப் போடக் காலம் இருக்கிறது. மைனர் என்பதால் மகனுக்கு 18 வயதான பிறகும் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கேமராப் பதிவுக்குத்தான் அந்த அவகாசம் கிடையாது, பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். அன்றைய பதிவையும் முதலுதவிப் பதிவேட்டையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி இந்த வாரமே பள்ளிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.