மறுபடியும் ஓராண்டா? மருத்துவப் படிப்பும் பிளஸ் டூ மதிப்பெண்ணும்

நீட் தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில், திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே எழுகின்றன. ‘மருத்துவ இடம் கிடைக்கவில்லை, இன்னோர் ஆண்டு இருந்து எழுதலாமா?’ என்பது ஒன்று. ‘பிளஸ் டூ இயற்பியலிலும் வேதியியலிலும் மார்க் குறைவாக இருக்கிறதே, அதையும் திரும்ப எழுதி உயர்த்த வேண்டாமா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பிள்ளையின் ஓராண்டு வீணாகிவிடக்கூடும். ஆகவே இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை எளிது.

எம்.பி.பி.எஸ். இடத்தை முடிவு செய்வதில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இன்று ஒரே ஒரு வேலைதான் உண்டு, அது வாசற்படி. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு, பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது தேசிய விதி. படியைத் தாண்டிவிட்டால் 55 பெற்றவரும் 98 பெற்றவரும் சமமே. அதன்பின் எண்ணப்படுவது நீட் தேர்வின் தரவரிசை மட்டும். எனவே மூன்று பாடங்களிலும் 70, 75 வாங்கிய பிள்ளை எம்.பி.பி.எஸ்.ஸை மட்டும் கருதிப் பிளஸ் டூவைத் திரும்ப எழுதுவதில் ஒரு பயனும் இல்லை.

அப்படியானால் ‘இம்ப்ரூவ்மெண்ட் எழுது’ என்று மாமாவும் சித்தப்பாவும் ஏன் சொல்கிறார்கள்? அவர்கள் காலத்தில் அது உண்மை. கேரளத்தில் 1980-களின் தொடக்கம் வரை ப்ரீ டிகிரி மதிப்பெண் பெரிதும் பேசியது. 1983-இல் நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் ஏற்பட்ட பிறகே நிலை மாறியது. தமிழ்நாட்டில் 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. அது நீக்கப்பட்ட பின், 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அரை மார்க்கில் இடம் தவறியவர்கள் நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் நம் உறவிலேயே இருப்பார்கள். நீட் முதன்முதல் 2013 மே மாதம் நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016-இல் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட்தான். ‘தமிழ்நாட்டில் நீட் போய்விடும், அதுவரை மார்க்கை உயர்த்தி வைப்போம்’ என்று காத்திருப்போரும் உண்டு. அம்மாநிலம் அனுப்பிய விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் சட்டசபையிலேயே அறிவித்துவிட்டார்கள்.

பிளஸ் டூ மதிப்பெண் பயன்படும் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை மறந்துவிடக் கூடாது. கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங்கும் பல துணை மருத்துவப் படிப்புகளும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் கேரளம் நீட் தரவரிசையைக் கொள்கிறது. தமிழ்நாடோ தன் மாநில இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ஆகவே இந்தத் துறைகளில் ஒரு கண் வைத்திருக்கும் மாணவர், கேரள வாரியத்தின் ‘சே’ தேர்வுடன் நடக்கும் இம்ப்ரூவ்மெண்டில் ஒரு பாடத்தை உயர்த்திக்கொள்வது நியாயமே. சேரப்போகும் படிப்பின் விவரக் குறிப்பேடு அந்த மதிப்பெண்ணை ஏற்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் கணினி எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறியவர்களுக்கும் இப்போது வழி உண்டு. பிளஸ் டூ தேறிய பின் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் போதும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

அமெரிக்காவில் உறவினர் உள்ள வீடுகளில் வேறொரு குழப்பம். அங்கே மருத்துவக் கல்லூரிக்கு முன் நான்காண்டுப் பட்டப் படிப்பு. அதில் வேதியியலிலோ இயற்பியலிலோ தவறியவர்கள் அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்துச் சராசரியை உயர்த்தப் பார்க்கிறார்கள். அங்கும் பழைய மதிப்பெண் அழிந்துவிடுவதில்லை. பழையதும் புதியதும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆஸ்டியோபதி என்ற பிரிவுக் கல்லூரிகள் மட்டும் புதியதை மாத்திரம் எண்ணிவந்தன. 2017-இல் அதுவும் நின்றது. நம் நாட்டு முறை இதற்கு நேர் எதிர். சென்ற ஆண்டு நீட்டில் 200 எடுத்திருந்தாலும் இந்த ஆண்டுத் தரவரிசையில் அதன் நிழல்கூட விழாது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. மேல் வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. பழுது பார்க்க வேண்டிய பழைய சான்றிதழ் என்று ஒன்றும் இல்லை. திரும்ப வேண்டியது படிப்புக்கு மட்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். பாலாவிலும் திருச்சூரிலும் ரிப்பீட்டர் வகுப்புகளில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிப்பதைப் பார்த்து, ‘திரும்ப எழுதினால் கிடைத்துவிடும்’ என்ற எண்ணம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. அங்கு மருத்துவ இடம் பெற்றவர்களில் திரும்ப எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் அது 71.42 விழுக்காடாகிவிட்டது. இதைக் காட்டி, திரும்ப எழுதுவோரில் நூற்றுக்கு எழுபது பேருக்கு இடம் கிடைக்கிறது என்று சொன்னால் அது தவறு. இடம் பெற்றவர்களில் எழுபது பேர் திரும்ப எழுதியவர்கள் என்பதுதான் பொருள். திரும்ப எழுதியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த எண் சொல்லாது. வகுப்பு நடத்துவோரின் விளம்பரப் படங்களும் சொல்லமாட்டா. 2025-இல் நாடெங்கும் ஏறத்தாழ 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்து 36 ஆயிரம் பேர் ‘தகுதி’ பெற்றார்கள், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். எனவே ‘தகுதி பெற்றேன்’ என்பதை ‘நெருங்கிவிட்டேன்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? விடைத்தாளைப் பார்த்துத்தான். நம்மில் பெரும்பாலோர் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து அழுதுவிட்டு வினாத்தாளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறோம். வினாத்தாள் மாணவர் கையிலேயே இருக்கிறது, ஓ.எம்.ஆர். தாளின் படத்தையும் விடைக்குறிப்பையும் தேர்வு முகமை வெளியிடுகிறது. மூன்றையும் வைத்துக்கொண்டு பிள்ளை தனியாக ஒரு நாள் உட்காரட்டும். பெற்றோர் அருகில் இருக்க வேண்டாம். இருந்தால் உண்மை வராது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேள்விகள் 180: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. ஒரு மாணவி 160-க்கு விடையளித்து 110 சரி, 50 தவறு, 20 விட்டுவிட்டாள். 440-இல் 50 போக 390.

அந்த 50 தவறுகளை அவள் வகைப்படுத்துகிறாள். 22 கண்ணை மூடிக் குறித்தவை. 12 தெரிந்தே தவறியவை: ‘அல்ல’ என்ற சொல்லைப் பார்க்காதது, அலகை மாற்ற மறந்தது, வட்டம் மாற்றி நிரப்பியது. மீதி 16 பாடமே தவறாகப் புரிந்தவை. விட்டுவிட்ட 20-இல் 14 இயற்பியல்.

இங்கே பலரும் கண்மூடிக் குறித்த 22-ஐத்தான் திட்டுவார்கள். ஆனால் நான்கில் ஒன்று சரியாகும் என்று கொண்டால், அப்படிக் குறிக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியாகக் கால் மார்க் வரவுதான். அதனால் கெட்டதும் இல்லை, வாழ்ந்ததும் இல்லை. தெரிந்தே தவறிய 12-ஐப் பாருங்கள். தவறு சரியானால் கழிவு ஒன்றும் போய் நான்கும் வருவதால் ஒவ்வொன்றுக்கும் 5 மார்க் கூடும், மொத்தம் 60. புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமல் 450. இதற்குத் தேவை நேரம் வைத்து எழுதும் பயிற்சி. அது சில மாத வேலை.

புரியாத 16-ம் விட்டுவிட்ட 14 இயற்பியல் கேள்விகளுமே முடிவு சொல்லக்கூடியவை. அவை மின்னியல், ஒளியியல், கரிம வேதியியல் என்று மூன்று நான்கு பாடங்களில் குவிந்திருந்தால், ஓராண்டு உழைப்புக்கு நல்ல பலன் உண்டு. தைரியமாக இருக்கச் சொல்லலாம். எல்லாப் பாடங்களிலும் சிதறிக் கிடந்தால் பிளஸ் ஒன் அடித்தளமே உறுதியில்லை. அப்போது ‘ரிவிஷன்’ வகுப்பில் சேர்ப்பது பணத்துக்குக் கேடு. பதினோராம் வகுப்பு இயற்பியலை முதல் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிள்ளைக்கு மனம் உண்டா என்று கேளுங்கள். ‘உண்டு’ என்று உடனே சொன்னால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

சென்ற ஆண்டுக்காரரின் மார்க்கை இலக்காக வைப்பதும் ஏமாற்றும். 2024-இல் இறுதிப் பட்டியலில் 17 பேர் முழு 720 பெற்றார்கள்; 2025-இல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. தாளின் கடினம் மாறுகிறது. ஆகவே கேரளத் தரவரிசையில் எந்த எண் வரை இடம் போயிற்று என்பதை அளவுகோலாகக் கொள்ளுங்கள். அண்ணன், அக்காவின் பழைய புத்தகங்களை வைத்துப் படிப்போரும் கவனிக்க வேண்டும்: 2024 தேர்வு முதல் பாடத்திட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

‘பெண் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடுமே’ என்ற பேச்சும் காதில் விழுகிறது. மகனுக்கு இரண்டு வாய்ப்பு, மகளுக்கு ஒன்று என்று கணக்குப் போடும் வீடு, விடைத்தாளை மட்டும் பார்க்கட்டும். ஆனால் இரண்டாவது முறை திரும்ப எழுதுவது யாருக்கானாலும் வேறு விஷயம். முதல் மறுமுயற்சியில் தரவரிசை நன்றாக முன்னேறி, எல்லைக்கு அருகில் நின்றால் அன்றி, ஒரு பட்டப் படிப்பில் சேர்ந்துகொண்டே எழுதுவது நல்லது என்பது என் கருத்து. பதினெட்டு, பத்தொன்பது வயதில் நண்பர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் போக, தான் மட்டும் வீட்டில் இருப்பது சிறிய பாரமல்ல.

கடைசியாக, கேரளத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கென்றே உள்ள சில சங்கதிகள். நீட் எழுதினால் மட்டும் கேரளப் பட்டியலில் பெயர் வராது. நுழைவுத் தேர்வு ஆணையரிடம் ‘கீம்’ விண்ணப்பம் தனியே போட வேண்டும். அதன் கடைசித் தேதி வழக்கமாக நீட் முடிவுக்கு முன்பே கடந்துவிடும். கேரள வம்சாவளியினர் அல்லாதவரும் எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை இங்குள்ள பள்ளிகளில் படித்திருந்தால் மாநில இடங்களுக்குப் போட்டியிடலாம். சமுதாய இட ஒதுக்கீடு மட்டும் கிடையாது. பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். அவர்கள் குடியிருப்பு ஆண்டுகளை வைத்துக் கோர முடியுமா என்று அவ்வாண்டின் விவரக் குறிப்பேட்டில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பூர்வீகம் உள்ளோர் பெற்றோரின் சான்றுகளைக் காட்டி அங்கு விண்ணப்பிக்க இடமுண்டு. ஆனால் 2020-இல் வந்த அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு இங்கு படித்தவர்களுக்குப் பொருந்தாது.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இன்னொன்று. நீட் வினாத்தாள் தமிழில் உண்டு. ஆனால் திருவனந்தபுரத்து மையங்களில் தமிழ்த் தாள் தரமாட்டார்கள். தமிழ்த் தாள் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே தமிழைக் குறித்து, நாகர்கோவில், திருநெல்வேலி போன்ற தமிழ்நாட்டு ஊரைத் தேர்வு மையமாகக் கேட்க வேண்டும். திருத்தத்துக்கு என்று தரும் சில நாட்கள் போன பிறகு மொழியை மாற்ற இயலாது. தேர்வு பிற்பகலில்தான் என்றாலும் முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.