சர்டிபிகேட் ஃபைலை முதலில் எடு

மாப்பிள்ளைக்குத் துபாய் விசா அடித்தாகிவிட்டது, இனி நீ கிளம்புவதுதான் பாக்கி என்று அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். ஆனால் டிக்கெட் விலை பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்தடி. பீரோவிலிருந்து சர்டிபிகேட் ஃபைலை எடுத்துத் தரையில் பரப்பு. உன் பெயர் எந்தக் காகிதத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுது.

பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றிய ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். கயல்விழி என்ற உன் பெயரில் வரும் ‘ழ’வுக்குக் காலேஜில் இசட், எச் போட்டிருப்பார்கள், ஆதாரில் வெறும் எல். நான்கும் நீதான் என்று நம்மூர் வி.ஏ.ஓ.வுக்குத் தெரியும். இங்கே அமீரகத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது நான்கு பெண்கள். வெளிநாட்டில் நாம் அலைகிற அலைச்சலில் பாதி இந்த இனிஷியலால்தான்.

பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே ஏற்க மாட்டார்கள்; விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதே. அப்பா பெயரை அங்கே போடு, கல்யாணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொள். கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவருக்கென்று பாஸ்போர்ட்டில் தனி இடம் இருக்கிறது. டிகிரி சர்டிபிகேட்டோடும் பெயர் ஒத்துப்போகும். மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வரும். வரட்டும்.

அம்மாவும் அத்தையும் நம்மைப் பார்க்க வருவார்களே, அவர்கள் பாஸ்போர்ட்டையும் இப்போதே பார்த்துவிடு. ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அமீரகம் சொன்னது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. இருந்தாலும் வயதானவர்களை ஏர்போர்ட்டில் நிறுத்தி விளக்கம் சொல்ல வைக்க வேண்டாம். புதுப்பிக்கும்போதே பெயர், சர்நேம் இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடு.

அடுத்தது மேரேஜ் சர்டிபிகேட். உன் விசாவுக்கு மண்டப ரசீதும் பத்திரிகையும் உதவாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிந்து கையில் வாங்கியதும் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்கிற முதல் காரியம் லேமினேஷன். தயவுசெய்து தடுத்துவிடு. அசல் காகிதத்தின் பின்பக்கத்தில்தான் அட்டெஸ்டேஷன் முத்திரை விழும், ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பிளாஸ்டிக் மேல் யாரும் சீல் குத்த மாட்டார்கள். பிரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும்.

முத்திரைக்கு வரிசை உண்டு: மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இங்கே வந்ததும் இந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஒன்றைத் தாண்டி ஒன்று போக முடியாது. “அப்போஸ்டில் போட்டால் போதும் மேடம்” என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதே. இந்தியா 2005லிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, அமீரகம் சேரவில்லை. சவூதி 2022 டிசம்பரிலிருந்து ஏற்கிறது. அதனால் சித்தி பையனுக்கு ரியாத்தில் நடந்தது உனக்கு இங்கே நடக்காது. ஏஜென்டிடம் பணம் கொடுக்கும்போது எந்தெந்த முத்திரைக்கு என்று ரசீதில் எழுதி வாங்கு.

நாளைக்குக் குழந்தை பிறக்கும் இல்லையா? நட்சத்திரம், முதலெழுத்து, குலதெய்வம் என்று ஊரில் பஞ்சாயத்து முடிய மாதக்கணக்காகும். இங்கே அவ்வளவு பொறுமை கிடையாது. பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதை வைத்து இந்திய பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதில் 120 நாளுக்குள் விசா அடிக்க வேண்டும். தாண்டினால் தினமும் அபராதம். இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பிறப்பைப் பதியவும் வேண்டும். பிரசவத்துக்குப் போகும்போதே பையனுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர், ஸ்பெல்லிங்கோடு பர்ஸில் இருக்கட்டும். குழந்தைக்கு உன் கணவர் பெயர் சர்நேமாக வரும், அவருக்கு மாமனார் பெயர், உனக்கு நம் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம்! கேட்பார்கள். அதற்குப் பதில் மேரேஜ் சர்டிபிகேட்டும் பிறப்புச் சான்றிதழும்தான். அவற்றில் ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. சான்றிதழை வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படி. பின்னால் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குக் கைக்குழந்தையை வெள்ளை விரிப்பில் படுக்க வைத்து மேலிருந்து எடுப்பார்கள். கண் திறந்திருக்க வேண்டும். பால் குடித்ததும் கூட்டிப் போனால் தூங்கிவிடும். தூங்கி எழுந்த கையோடு போ. குழந்தையின் பாஸ்போர்ட் பெரியவர்களுக்கு மாதிரிப் பத்து வருடம் வராது, ஐந்து வருடம்தான். காலண்டரில் குறித்து வை.

ஊரில் இருக்கிற மனையை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுப்பதாகச் சொன்னாயே, இங்கே வந்த பிறகு அதை வீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகாதே. இந்தியத் தூதரக அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். அந்தப் பத்திரம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிடு. கூரியர் கவரையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல். எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று கேட்டால் காட்ட அவரிடம் வேறென்ன இருக்கும்?